மம்பட்டியோடு கூப்பிட்ட ஆச்சிக்கு நன்றி

வேலை போய்க் கானாடுகாத்தானுக்குத் திரும்பியபோது, அடுத்து என்ன என்று எனக்கே தெரியவில்லை. வீட்டிலும் அதே கேள்விதான். அந்த நேரத்தில் "சும்மாதானே இருக்கீக, ஒரு மம்பட்டி எடுத்துக்கிட்டு வாங்க தம்பி" என்று கூப்பிட்ட ஆச்சிக்கு இந்த நன்றி. பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் போடவில்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஊர்க் குளமான ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைச் சுத்தம் செய்கிற வேலை. செட்டிநாட்டில் ஓட்டுக் கூரையில் விழும் மழைகூட முற்றம், தெரு, வாய்க்கால் என்று ஓடி ஊருணியில் சேரும்படிதான் ஊரை அமைத்திருக்கிறார்கள். நடுவில் சீமைக்கருவேலம் மண்டினாலோ, யாராவது குப்பையைக் கொட்டினாலோ, எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் வேறு பக்கம் போய்விடும். முள் குத்திய கையோடு இதையெல்லாம் ஆச்சியிடம்தான் கற்றுக்கொண்டேன். அப்புறம் பக்கத்து ஊர்க்காரர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். மழைநீர்ச் சேமிப்பு அமைத்துத் தருவதே இப்போது என் பிழைப்பு.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார்; 1953-இல் அது திறக்கப்பட்டது. அந்தப் பேச்சை எடுத்தால் ஆச்சி சிரிப்பார்: "அவுககிட்ட நிலம் இருந்துச்சு, கொடுத்தாக. நம்மகிட்ட மம்பட்டி இருக்குல்ல?"

வருமானம் முன்னைவிடக் குறைவுதான். ஆனால் காலையில் எழுந்தால் எங்கே போக வேண்டும் என்று தெரிகிறது, தூக்கமும் நன்றாக வருகிறது.

ஆச்சி, ஐப்பசிக்குள் மேலத்தெரு வாய்க்காலையும் பார்த்துவிடலாம். ஆள் சேர்த்துவிட்டேன்.