ஐரோப்பா டூர் போடற ட்ராவல்ஸ்காரங்களுக்கு ஒரு மடல்

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். போன வருஷம் உங்கள்ல ஒருத்தர்கிட்டதான் அம்மாவுக்கும் எனக்கும் பணம் கட்டினேன், பேரு வேணாம் விடுங்க, ஏன்னா எல்லார் நோட்டீஸ்லயும் செக் நாட்டுக்குன்னு அதே வரிதான் இருக்கு, "ப்ராக் அருகே கோனோபிஷ்டே அரண்மனை விசிட்".

விசிட்னா என்னன்னா, பஸ்ஸை நிறுத்தி, மேல நடக்கவிட்டு, "முப்பது நிமிஷம், போட்டோ எடுத்துட்டு வந்துருங்க". உள்ள போகணும்னா அங்க கைடோட போற டூர் டிக்கெட் எடுத்தாதான் விடுவாங்க, முப்பது நிமிஷத்துல அது நடக்குமா நீங்களே சொல்லுங்க. சுவரைப் பாத்துட்டுத் திரும்பினோம்.

எனக்கு மனசு ஆறல. ப்ராக்ல ஃப்ரீ டேன்னு விட்ட அன்னைக்கு அம்மாவைக் கூட்டிட்டு அரண்மனைக்குப் பக்கத்து ஊரான பெனெஷோவ்க்கு ட்ரெயின் ஏறிட்டேன், அங்கருந்து ரெண்டு கிலோமீட்டர் போல நடை, அவ்ளோதான்.

உள்ள நுழைஞ்சா வராந்தா முழுக்க கொம்பு. மான் கொம்பு, ஆட்டுக் கொம்பு, இண்டு இடுக்கு இல்லாம சுவர் பூரா. 1887ல இந்த அரண்மனையை வாங்கின ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட், ஆஸ்திரிய இளவரசர், வாழ்நாள்ல சுட்டது கிட்டத்தட்ட 2,75,000 உயிராம், கணக்கு எழுதி வெச்சே சுட்டிருக்கார். அம்மா நிமிந்து பாத்துட்டு கேட்ட ஒரே கேள்வி, "இதையெல்லாம் யாருப்பா தூசி தட்றது?" அந்த மனுஷன் 1893ல கப்பல்ல இலங்கை, இந்தியான்னு சுத்தி நம்ம பக்கமும் வேட்டையாடிட்டுத்தான் போயிருக்கார், இதைச் சொன்னா உங்க பஸ்ல ஒருத்தராவது தூங்காம கேப்பாங்க இல்ல?

அடுத்து ஒரு கண்ணாடிக்குள்ள ஒரு தோட்டா. குட்டியா இருக்கு, சுண்டு விரல் நுனி அளவுதான். 1914 ஜூன் 28ல போஸ்னியாவுல இருக்கற சராயேவோவுல, கவ்ரிலோ ப்ரின்சிப்னு ஒரு செர்பிய இளைஞன் இந்த இளவரசரைச் சுட்டது. அதுல ஆரம்பிச்சதுதான் முதல் உலகப்போர். (போருக்குக் காரணம் அது மட்டும் இல்ல, தெரியும், சண்டைக்கு வராதீங்க.) ஆனா எனக்குப் போரைவிட அவர் பொண்டாட்டி சோஃபி கதைதான் மனசுல நின்னுச்சு. அவங்களும் பிரபு வீட்டுப் பொண்ணுதான், ஆனா ராஜ வம்சம் இல்லன்னு, உன் பிள்ளைங்களுக்கு சிம்மாசனம் கிடையாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் கல்யாணத்துக்கே விட்டாங்க. அந்த சத்தியம் பண்ணின நாள் 1900 ஜூன் 28. சரியா பதினாலு வருஷம் கழிச்சு அதே தேதியில புருஷனும் பொண்டாட்டியும் ஒரே கார்ல சுடப்பட்டு செத்தாங்க. வியன்னாவுல ராஜ குடும்பக் கல்லறையில சோஃபிக்கு இடம் கிடையாது, அதனால அவரும் அங்க வேணாம்னு ஆஸ்திரியாவுலயே ஆர்ட்ஸ்டெட்டன்ங்கற ஊர்ல சொந்தமா கல்லறை கட்டி வெச்சிருந்தார், ரெண்டு பேரும் அங்கதான்.

மூணு பிள்ளைங்க, மூத்தவளுக்கே பன்னண்டு வயசு. 1919ல புது செக்கோஸ்லோவாக்கியா அரசு அரண்மனையை எடுத்துக்கிட்டு அவங்களை வெளிய அனுப்பிருச்சு. பின்னாடி 1938ல நாஜிக்காரன் பையன்க ரெண்டு பேரையும் டகாவ் வதை முகாம்ல போட்டான். இதைக் கேட்டப்புறம் அம்மா கொம்பைப் பத்தி பேசவே இல்ல, குழந்தைங்க போட்டோ எங்க இருக்குன்னு தேடிட்டே வந்தாங்க.

அதனால கேக்கறேன், மூணு மணி நேரம் ஒதுக்குங்க, டிக்கெட்டை முன்னாடியே போடுங்க, திங்கக்கிழமை கொண்டுபோய் இறக்காதீங்க, அன்னைக்கு அங்க பெரும்பாலான அரண்மனைங்களுக்கு லீவு. இதெல்லாம் முடியாதுன்னா நோட்டீஸ்ல "அரண்மனை வாசல்ல போட்டோ"ன்னு நேர்மையா போட்டுருங்க, நாங்க ட்ரெயின்லயே போய்க்கறோம், அம்மாவுக்கு இப்போ ஸ்டேஷன் பேரு உங்க கைடைவிட நல்லா சொல்ல வருது.