குழாயடித் தொட்டில்

குன்னூர்,
ஐப்பசி 20

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே ஐப்பசி மழை விட்டபாடில்லை. மூன்று நாள் கொடியில் கிடந்த துணியும் நசநசவென்றே இருக்கிறது.

என் தங்கை மகளுக்கு 30 வாரத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. எடை 1,300 கிராம்; இன்குபேட்டரில் இருக்கிறாள். பனிக்காற்று பட்டுவிடுமோ என்று வீட்டார் எல்லாரும் சன்னலையே பார்த்துக்கொண்டிருக்க, என் கண் கைகழுவும் தொட்டியின் மேல்தான் போயிற்று. அது இன்குபேட்டரிலிருந்து இரண்டடி தூரத்தில் இருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் நேராக வடிகால் துளையில் விழுந்து தெறிக்கிறது. அந்த மேடையிலேயே பால் புகட்டும் பாலாடைக் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

நாம் மருத்துவமனைப் பணியிலிருந்தபோது, கையைக் கழுவச் சொல்லியே தொண்டை வற்றினோம். அது தவறில்லை. ஆனால் கழுவும் இடமே கிருமிக்கு வீடாகும் என்று நாம் எவ்வளவு எண்ணினோம்? சூடோமோனாஸ் கிருமி வடிகால் வளைவிலும் குழாய் முனையின் வலையிலும் வழவழப்பான படலமாகப் படிந்து வாழும். மருந்து ஊற்றினால் அடங்கியதுபோல் இருந்து மறுபடி தலைகாட்டும். 2011 டிசம்பரிலும் 2012 ஜனவரியிலும் வட அயர்லாந்தின் பச்சிளம் குழந்தைகள் பிரிவுகளில் இந்தக் கிருமியால் நான்கு குழந்தைகள் இறந்தன. ஆராய்ந்தபோது குழாய்களிலேயே அது இருந்தது. குறைமாதக் குழந்தையின் தோல் மெல்லியது, தாயிடமிருந்து வரவேண்டிய எதிர்ப்புச் சக்தியில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் வந்து சேரும் என்பது உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நெரிசலும் உண்டு, ஒரு செவிலியர் பல குழந்தைகளைப் பார்க்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறைக்கு மட்டும் வாதாடி அனுமதி வாங்கினேன். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே இப்படி அணைத்து வைத்தபோது, உடல்நிலை சீராகும்வரை காத்திருந்து அணைத்தவர்களைவிட இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்ததென 2021இல் ஆய்வு வெளியாயிற்று. நம் பிள்ளைக்கு முதல் சில நாட்கள் கழிந்துவிட்டன. ஆனாலும் மருத்துவமனைக் கிருமி குடியேறுமுன் தாயின் தோலில் உள்ள தீங்கற்ற கிருமிகள் இடம்பிடிக்கட்டுமே.

தலைமைச் செவிலியர் பாலாடைகளை மறுநாளே வேறு அறைக்கு மாற்றிவிட்டார். தொட்டியை நகர்த்துவது அவர் கையில் இல்லை. உன் மருமகன் பொதுப்பணித் துறையில் இருக்கிறாரே, தண்ணீர் வடிகால் துளையில் நேரே விழாதபடி குழாயைத் தள்ளி அமைக்கவும், நடுவில் ஒரு தடுப்பு வைக்கவும் என்ன செலவாகும் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
சரசா