நார்தாம்ப்டனில் எட்வர்ட்ஸ் கேட்டது என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் போதகராயிருந்த ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1750-இல் அங்குள்ள நார்தாம்ப்டன் சபையிலிருந்து நீக்கப்பட்டதற்கு, பிறர் உள்ளத்தைத் துருவிப் பார்க்க முயன்ற அவருடைய கடுமையே காரணம் என்று சென்ற இதழின் கட்டுரை கூறுகிறது. அவர் சபையாரிடம் கேட்டது என்ன என்பதை அது சொல்லாமல் விட்டதால் இதை எழுதுகிறேன்.

பிணக்கின் வேர் அவருடைய தாய்வழிப் பாட்டனார் சாலமன் ஸ்டாடர்ட் காலத்தது. மாசசூசெட்ஸ் சபைகளில் தொடக்கத்தில், தம் மனந்திரும்புதலைச் சபைமுன் எடுத்துரைத்தவர்களுக்கே இராப்போஜனம், அதாவது அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து, கிடைத்தது. அவ்வாறு எடுத்துரைக்க இயலாத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று 1662-இல் பாஸ்டனில் கூடிய சபைகளின் மன்றம் வழிவிட்டபோதும், அப்பெற்றோர் அத்திருவிருந்துப் பந்திக்குப் புறம்பாகவே நின்றனர். ஏறத்தாழ 60 ஆண்டுகள் நார்தாம்ப்டனில் போதகராயிருந்த சாலமன் ஸ்டாடர்ட் அந்தத் தடையையும் நீக்கினார். இதைச் சலுகை என்று எண்ணிவிடக் கூடாது. ஒழுக்கக்கேடாக வாழ்ந்தோரையும் உபதேசம் அறியாதோரையும் அவரும் விலக்கியே வைத்தார். ஆனால், ஒருவருக்குள் அருள் உண்டா என்பதை இன்னொருவர் திட்டமாக அறிய முடியாது என்றும், அப்பமும் ரசமுமே ஒருவரை மனந்திரும்பச் செய்யும் கருவியாகலாம் என்றும் அவர் உறுதியாக நம்பினார்.

பேரனாகிய எட்வர்ட்ஸ் ஏறத்தாழ 20 ஆண்டுகள் அதே வழக்கத்தில் நடந்த பின்னரே இதில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அப்போதும் பழைய அனுபவ விவரிப்பை அவர் கேட்கவில்லை. தம்மை முழுமையாகக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்க மனதார விரும்புவதாக ஒருவர் வாய்திறந்து அறிக்கையிட்டால் போதும் என்றார்; அவர் எழுதிக் காட்டிய மாதிரி அறிக்கைகளுள் ஒன்று ஒரே வாக்கியந்தான். இதனை உள்ளத்தைத் துருவுதல் என்று சொல்வது பொருந்தாது. திருவிருந்துக்கு முன் ஆயத்த ஆராதனையில் நின்று பழகிய எங்களைப் போன்றோருக்கு, அவர் கேட்டது அந்நியமானதும் அன்று.

இக்கருத்தைப் பிரசங்கமேடையில் விளக்க அவருக்கு இடம் தரப்படாததால், 1749-இல் நூலாக வெளியிட்டார். அதைப் படித்தவர் சிலரே. பிணக்கைத் தீர்க்கக் கூடிய, பிற சபைகளின் ஆலோசனைக் குழுவில் ஒரே வாக்கு வித்தியாசத்தில், போதகரும் சபையும் பிரிவதென்று முடிவாயிற்று. சபை வாக்கெடுப்பிலோ 200-க்கும் மேற்பட்டோர் அவரை நீக்கக் கோர, 23 பேர் மட்டுமே அவர் பக்கம் நின்றனர். 1744 முதலே வேறு மனத்தாங்கல்களும் இருந்தன என்பதை மறுக்கவில்லை. ஆயினும் வேறு போதகர் கிடைக்காத அந்த மாதங்களில், நீக்கிய சபையே அவரை அழைத்துப் பிரசங்கிக்கச் செய்தது. அவரும் மறுக்காமல் நின்று பிரசங்கித்தார்.

எதிரணியை முன்னின்று நடத்திய உறவினர் ஜோசப் ஹாலி, எட்வர்ட்ஸ் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1760-இல், தாம் செய்தது பெரும் பாவம் என்று பத்திரிகையில் வெளியான கடிதத்தின் வாயிலாக வருந்தினார். கட்டுரையாளர் இத்தொடரை மேலும் எழுதுவதாயின், அக்கடிதத்தையும் ஸ்டாடர்டின் நியாயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.