மிளகு வந்துவிட்டான்

சேலத்திலும் ஏற்காட்டிலும் எங்களோடு சேர்ந்து தேடிய எல்லோருக்கும் வணக்கம்.

தீபாவளி வேட்டுச் சத்தத்தில் மிரண்டு ஓடிப்போன எங்கள் கருப்பு நாய் மிளகு கிடைத்துவிட்டான். வீட்டில் இருக்கிறான். உள்ளங்கால் தோல் உரிந்திருக்கிறது, விலா எலும்பு தெரிகிற அளவுக்கு இளைத்திருக்கிறான், உடம்பெல்லாம் உண்ணி. மற்றபடி நலம். நடந்தது உங்களுக்குத் தெரியும். நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள், வாட்ஸ்அப்பில் அவன் படம் உங்களுக்கும் வந்திருக்கும். அந்தத் தீபாவளி ராத்திரியைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் இதையும் சரியாகச் சொல்ல முடியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில், தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கிறார். பேரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "எம்பேரு எதுக்கு கண்ணு, நாயி கெடைச்சிருச்சுல்ல, அதைப் போடு."

நாங்கள் அவரைப் பார்த்தபோது எல்லோருமே தோட்டத்துக்குள் நின்று "மிளகு, மிளகு" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தோம். நாய் தொலைந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆயா விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். "கத்தாதீங்க கண்ணு. இப்ப அதுக்கு எந்தச் சத்தமும் வேட்டுச் சத்தந்தான். கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ளாற போயிரும்" என்றார். பிறகு, போட்டுக் கழற்றிய துணி, துவைக்காதது, ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். உடம்பில் இருந்த ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டினேன். அவர் கையில் வாங்கவில்லை. ஒரு குச்சியை ஒடித்து, அதன் நுனியில் தொங்கவிடச் சொல்லி வாங்கிக்கொண்டார். "எங்கை பட்டா என் மோப்பமில்ல வரும்."

அந்த ஸ்வெட்டரை அப்படியே குச்சியோடு தூக்கிக்கொண்டு போய், காபி காயப்போடும் களத்துக்குப் பின்னால் ஒரு பலா மரத்தடியில் விரித்தார். ராத்திரி பனியும் தூறலும் இறங்கினால் நனைந்துவிடும் என்று நாலு முளை அடித்து, மேலே கோணிப்பையைக் கட்டி ஒரு சின்னப் பந்தல் போட்டார். பக்கத்தில் கொட்டாங்குச்சியில் தண்ணீர், ஒரு களி உருண்டை, மேலே கருவாட்டுக் குழம்பு. அந்தக் குழம்பு வாசனை எட்டுகிற தூரம் வரைக்கும் எட்டட்டும் என்றார். அவர் வளர்க்கும் இரண்டு நாய்களையும் கீழ் லைனில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டார். எங்கள் மிளகு பயந்து கிட்டே வராமல் போய்விடக் கூடாதாம். அந்த நாய்கள் ராத்திரி அவர் கட்டிலுக்கடியில் படுப்பவை. காட்டெருமை நடமாடுகிற இடத்தில், தன் காவலை அவிழ்த்து அனுப்பிவிட்டு, முன்பின் தெரியாத எங்கள் நாய்க்காக அவர் தனியாகப் படுத்திருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதுவும் அவர் சொல்லவில்லை. பேரன் சொன்னான்.

காலையில் வேலைக்கு ஆள் சேருகிற இடத்தில், பழம் பறிக்க வந்த பெண்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். "கருப்பு நாயி கண்ணுல பட்டா, பாக்காத மாதிரி போயிருங்க. யாரும் தொரத்தாதீங்க. எங்க பாத்தீங்கன்னு மட்டும் எங்கிட்ட சொல்லுங்க." பசங்களுக்கும் அதே உத்தரவு. எங்களுக்கும்தான். பொழுது சாய்ந்தபின் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று எங்களை மேலே ரோட்டுக்கு விரட்டிவிட்டார். காபிச் செடி நமக்கு நெஞ்சு உயரத்துக்கு அடர்த்தியாக நிற்கிறது. மண்டியிட்டுப் பார்த்தால்தான் தெரியும், கிளைகளுக்கு அடியில் நாய் உயரத்துக்குத் தெருத்தெருவாக வழி திறந்து கிடக்கிறது. அதற்குள் அவன் எங்கே வேண்டுமானாலும் போவான், நாம் போக முடியாது.

விடிகாலையில் போன் வந்தது. "வந்து படுத்திருக்கு. பதறாம வாங்க. வண்டியக் கிட்டக்க கொண்டாராதீங்க." மரவனேரியிலிருந்து அடிவாரம், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். எப்படி ஏறினோம் என்று என் கணவருக்கும் நினைவில்லை, எனக்கும் இல்லை.

ஸ்வெட்டரின் ஒரு கையைத் தாடைக்குக் கீழே வைத்துப் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. நான் யாரென்றே அவனுக்குத் தெரியவில்லை. குட்டியாகக் கையில் வாங்கி வளர்த்தவள் நான், என்னைப் பார்த்து இரண்டு எட்டுப் பின்வாங்கினான். பயத்திலேயே நாட்களைக் கழித்த நாய்க்குக் கண்ணால் பார்த்து அடையாளம் பிடிபடாது, மூக்கு சொன்னால்தான் நம்பும் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். அந்த நேரத்தில் எனக்கு அது தெரியாது. உள்ளே எல்லாம் நின்றுபோனது. ஆயா களத்தின் அந்தப் பக்கத்திலிருந்து உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமர்த்திக் காட்டினார், உட்கார் என்று. மண்ணில் உட்கார்ந்தேன். அவனைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

காற்று என் பக்கமிருந்து அவன் பக்கம் வீசியிருக்க வேண்டும். முதலில் மூக்கு மட்டும் அசைந்தது. பிறகு காது. அப்புறம் அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை, இதுவரை அவனிடம் நான் கேட்டதில்லை. ஓடிவந்து மொத்த உடம்பையும் என் மடியில் போட்டான். அப்போதும் நான் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆயா பின்னாலிருந்து வந்து தோளில் கை வைத்தார். "இப்ப அழுவு கண்ணு. இனி ஓடாது."

ஏன் ஆயா இவ்வளவு செய்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம் என்பதுபோல் பார்த்தார். "அது உங்களத் தேடிக்கிட்டுத்தான் சுத்துது. வந்து பாக்கறப்ப உங்களுது ஒண்ணுமே அங்க இல்லாட்டி அது என்ன நெனைக்கும்?"

அன்றிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் அவனைத் தேடினோம். அவனும் எங்களைத் தேடிக்கொண்டிருப்பான் என்று எங்கள் கூட்டத்தில் யாருமே யோசிக்கவில்லை, ஆயா ஒருவர் யோசித்தார். செல்லப் பிராணி மேல் பாசம் என்று நாம் பேசும்போதெல்லாம் நம் பாசத்தைத்தான் பேசுகிறோம். அந்தப் பிராணியின் மனசிலும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. யார் வீட்டில் இருக்கிறார்கள், யார் இன்னும் வரவில்லை, யாருடைய செருப்பு வாசலில் இல்லை என்று. எங்கள் அப்பா போன பிறகு மிளகு பல வாரம் அவர் கட்டிலைச் சுற்றியே திரிந்தான். அது எங்களுக்காக இல்லை, அவனுடைய தேடல். அவன் காணாமல் போன நாட்களில் அம்மா சோற்றில் கை வைக்காமல் இருந்ததும் அதே அளவுக்கு உண்மை.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னியுங்கள். வளைவு வளைவாகக் கண்ணை ஓட்டிக்கொண்டே வண்டி ஓட்டிய சேலம்-ஏற்காடு பஸ் டிரைவர்கள், கண்டக்டர்கள். அடிவாரம் செக்போஸ்ட்டில் ஒவ்வொரு காரிடமும் படத்தைக் காட்டிய காவலர்கள். ஏரிக்கரைக் கடைக்காரர்கள். ராத்திரியோடு ராத்திரியாக நோட்டீஸ் அடித்துக் காசு வாங்க மறுத்த செவ்வாய்ப்பேட்டை அச்சகத்து அண்ணன். பைக்கில் செம்மநத்தம் வரைக்கும் அலைந்த கல்லூரித் தம்பிகள். மஞ்சக்குட்டையில் ஒரு கருப்பு நாயைப் பிடித்து வைத்துக்கொண்டு, நாங்கள் போய் "இவன் இல்லை" என்றதும் எங்களைவிட அதிகமாக வாடிப்போன அந்த அக்கா. அம்மாவைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கதவைத் திறந்து ட்ரிப்ஸ் ஏற்றி, பாசத்தில் ஒரேயடியாகச் சோறு போட்டுவிடாதீர்கள், கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்று எங்களைக் கட்டுப்படுத்திய கால்நடை மருத்துவர். வேறு நாய்கள் கடித்திருக்குமோ தெரியாது என்பதால் ரேபிஸ் ஊசியும் மறுபடி போட்டிருக்கிறார். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்தாயிற்று, மாத்திரை ஓடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "ஒரு நாய்க்கா இவ்வளவு?" என்று மலையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சிப் போட்டிருந்தால் போனிலேயே இடம் தெரிந்திருக்குமே என்று பலரும் ஆற்றாமையோடு சொன்னீர்கள். தெரியாது. மைக்ரோசிப் அரிசி மணி அளவுதான், உள்ளே இருப்பது ஓர் எண் மட்டும். நாய் யார் கையிலாவது கிடைத்து, அதற்கான ஸ்கேனர் வைத்துப் பார்த்தால்தான் அது பேசும். எங்கே இருக்கிறது என்று காட்டாது. இருந்தாலும் போடப்போகிறோம். கழுத்துப் பட்டையில் போன் நம்பர் நூலால் தைத்தாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் நாய் இருந்தால் இந்த வாரமே தைத்துவிடுங்கள். தொலைந்துபோனால் நீங்கள் போட்ட துணியை எடுத்துப் போங்கள், துவைக்காமல்.

அறிவித்திருந்த பணத்தை ஆயா தொடவே இல்லை. கவரைத் திருப்பி என் கையில் திணித்துவிட்டு, வேறொன்று கேட்டார். "உன் நாயிக்கு ஊசி போட்டாங்கல்ல, எங்க நாயிங்களுக்கும் போட ஏற்பாடு பண்ணு கண்ணு. புள்ளைங்க கூடவே கெடக்குதுங்க." லைன் வீடுகளில் நாய்கள் நிறைய. வருஷா வருஷம் ஜூலை 6 அன்று அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் ரேபிஸ் ஊசி இலவசமாகப் போடுகிறார்கள். 1885-ல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் அந்தத் தடுப்பூசி போட்ட நாள் அது. ஆனால் ஆயாவின் பேச்சை ஜூலை வரை தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. பொங்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிறு மலைக்கு வர மருத்துவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். மருந்துச் செலவு எங்களுடையது. நாய்களைப் பிடித்து நிறுத்தவும், பேர் எழுதவும் ஆள் வேண்டும். வர முடிந்தவர்கள், நோட்டீஸில் இருந்த அதே எண்ணுக்குச் சொல்லுங்கள். முதல் ஊசி ஆயாவின் நாய்களுக்கு. இந்த ஒருமுறையோடு விடப்போவதில்லை, மிளகுக்கு வருடாந்திர ஊசி போடும்போதெல்லாம் அங்கேயும் போய் வருவோம்.

கருப்பு நாயைப் பார்த்தோம் என்று இன்னும் போன் வந்துகொண்டிருக்கிறது. உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் அவன் கிடைத்துவிட்டான். நாங்கள் ஒட்டிய நோட்டீஸ்களைக் கிழித்துக்கொண்டே வருகிறோம். குப்பனூர் ரோட்டில் இன்னும் நிறைய மிச்சம் இருக்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் கண்ணில் பட்டால் தயவுசெய்து கிழித்துவிடுங்கள்.

நன்றியுடன்,
மிளகின் வீட்டார்,
மரவனேரி, சேலம்.