வெள்ளைப் பொடியில் விழுந்த தடம்

அன்புள்ள சேகர்,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதை நேரில் பார்க்கும்போது மொத்தமாகத் திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் நலம்.

இப்போது பட்டரின் முகத்துக்கு, அதுதான் கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையின் முகத்துக்கு, பவுடர் போட்டுக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே. பாதத்துக்கு அடிக்கிற பவுடர் ஸ்பிரேயை மெல்லிசாக அடித்துவிட்டுப் பந்தைத் தட்டினால், பட்ட இடத்தில் வட்டமாகத் தடம் விழும். முதல் நாள் இருபது முறை தட்டினேன். நடுவில் விழுந்தது ஆறுதான். மிச்சமெல்லாம் டோ பக்கம், அதாவது மட்டையின் வெளி நுனிப் பக்கம். இத்தனை வருடமாகக் குழியைச் சுற்றியுள்ள கிரீன் புல்தரையையும் காற்றையும் திட்டினேனே!

நடு தப்பினால் என்ன குடி முழுகிவிட்டது என்பாய். பட்டர் லேசாகத் திரும்பிவிடுகிறது, பந்தின் வேகமும் குறைகிறது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது பட்டரின் முகம்தான், நாம் வீசும் பாதைக்கு அதில் சிறு பங்குதான். ஒரு டிகிரி பிசகினால் மூன்று மீட்டரில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் விலகிப்போகும். குழியின் விட்டமே 108 மில்லிமீட்டர். அன்றைக்கு விளிம்பில் சுற்றிவிட்டு வெளியே வந்ததே ஒரு பந்து, நீ விழுந்து விழுந்து சிரித்தாயே, அதன் கதை இதுதான்.

அப்புறம் செல்போனில் ஸ்லோமோஷன் எடுத்தேன். விநாடிக்கு 240 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே நாலு மில்லி விநாடி. பந்தும் பட்டரும் ஒட்டியிருப்பதோ ஒரு மில்லி விநாடிகூட இல்லை. ஒரு படத்தில் பந்து நிற்கிறது, அடுத்ததில் கிளம்பிவிட்டது. பந்தில் மார்க்கரால் கோடு போட்டது மட்டும் வீண்போகவில்லை. பந்து முதலில் வழுக்கிக்கொண்டு போய், பிறகுதான் உருள்கிறது. சுழலாமல் கிளம்பும் பந்து, முழுதாக உருள ஆரம்பிப்பதற்குள் ஏழில் இரண்டு பங்கு வேகத்தை இழந்துவிடும். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. நம் கணக்கு வாத்தியார் நம்பியிருக்க மாட்டார்.

சரி, எழுத வந்தது வேறு. அதே வீடியோவில், பந்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால் என் வலது மணிக்கட்டு வெடுக்கென்று வெட்டுகிறது. நானாகச் செய்வதில்லை. பந்து இல்லாமல் வீசினால் வருவதுமில்லை. யிப்ஸ்தான், பந்தைத் தட்டும் நேரத்தில் ஆட்டக்காரரின் கை தானாக வெட்டும் கோளாறுதான், என்று மனசுக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அப்பாவின் கை முதன்முதலில் நடுங்கியபோது பக்கத்தில் நீயும் இருந்தாய். ராத்திரியில் அதுதான் ஞாபகம் வருகிறது.

வீட்டில் காட்டவில்லை. மூன்று வீடியோ அனுப்புகிறேன், கடைசியை நிதானமாகப் பார். டாக்டரிடம் போ என்று நீ சொன்னால் போய்விடுகிறேன். பவுடரை எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்.

உன்,
ராமு