ஊர்க்காரன் ஏறவில்லையா, வண்டி வரவில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போக்குவரத்துக் கழகங்களின் நஷ்டம் பற்றிய உங்கள் கட்டுரையில், ஆள் ஏறாத கிராமத்து டிரிப்புகளை நிறுத்தினாலே பாதிப் பாரம் குறையும் என்று ஒரு வரி. 32 வருஷம் நடத்துநர் பையைத் தோளில் மாட்டியவன் நான். அந்த வரி மனசைவிட்டுப் போகவில்லை.

ஆள் ஏன் ஏறவில்லை என்று யாராவது ஊரில் வந்து கேட்டார்களா ஐயா? 2014-ல் நான் போன வண்டி ராத்திரி ஊரிலேயே தங்கும். செல்ஃப் எடுக்காது. ஏரிக்கரைச் சரிவில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைப்போம். காலை ஐந்தே முக்காலுக்குக் கல்லை எடுத்தால் உருண்டு ஸ்டார்ட் ஆகும். பூக்கூடையோடு பதினைந்து பெண்கள், பால் கேன்கள், லக்கேஜ் டிக்கெட்டே நன்றாகப் போகும். ஒருநாள் கியர் பாக்ஸ் போனது. டெப்போவில் ஸ்பேர் பஸ் கிடையாது. ஒன்பது நாள் டிரிப் கட். பத்தாம் நாள் போய் நின்றால், பூக்காரப் பெண்கள் லோடு ஆட்டோவுக்கு மாச வாடகை பேசி முடித்திருந்தார்கள். ஏறியது நான்கு பேர். "எங்களைக் காக்க வச்சிட்டியே தம்பி" என்றார் ஒரு அம்மா. இரண்டு மாசத்தில் வசூல் இல்லை என்று சொல்லி அந்த டிரிப்பையே எடுத்துவிட்டார்கள்.

தனியார் லாபத்தில் ஓட்டுகிறாரே என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டமுள்ள தடம் அவருக்கு, அது ஒருபக்கம். வண்டி நோயாளியாகும் முன்பே விற்றுவிட்டுப் புதுசு எடுக்கிறாரே, அதைச் சொல்ல வேண்டாமா? எங்கள் பக்கத்துக்குப் புதுசு என்று வந்தது, பழைய சேஸில் (அடிச்சட்டத்தில்) பாடி கட்டி மஞ்சள் பெயின்ட் அடித்தது. இன்ஜின் அதேதான்.

1972-ல் தனியாரிடமிருந்து பஸ் தடங்களை அரசு எடுத்துக்கொண்டபோது, மெயின் ரோட்டுக் காசு கிராமத்து வண்டியைத் தாங்கும் என்பதுதான் ஏற்பாடு என்று சீனியர்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கட்டணம் கடைசியாக ஏறியது 2018 ஜனவரியில். அப்போது டீசல் லிட்டர் 70 ரூபாய்க்குக் கீழே, இப்போது 90-ஐத் தாண்டிவிட்டது. ஏழைகளுக்காகக் கட்டணத்தை ஏற்றாதது சரிதான். அந்த வித்தியாசத்தை அரசு முழுசாகக் கொடுத்தால்தானே கழகம் வண்டி வாங்கும்? 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதற்கு அரசு மானியம் தருகிறது. அவர்களைப் போய் நஷ்டக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. ஓய்வுபெற்ற பிறகு அகவிலைப்படி பாக்கிக்காகக் கோர்ட் படி ஏறிய என் சகாக்களுக்கும் கிடைத்த பதில் இதுதான்: நிதி இல்லை.

இத்தனை காலம் உங்கள் பத்திரிகையை வாங்கிப் படிப்பவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். அடுத்தமுறை நஷ்டத் தொகையைப் போடும்போது, பக்கத்திலேயே டெப்போவாரியாக வண்டிகளின் வயதையும், வண்டி இல்லாமல் கட் ஆன கிலோமீட்டரையும் போடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். மனுவை நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்