'சும்மா பிடித்துக்கொண்டிருக்கும்' புரதம்

அன்புள்ள பாப்பா,

ஆராய்ச்சிக்கு ஷேங்க்3 புரதம்தான் கிடைத்திருக்கிறது என்று போனில் சொன்னபோது உன் குரலில் சுரத்தே இல்லை. "அது ஒரு நொதிகூட இல்லம்மா, சும்மா மத்த புரதங்களைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான்" என்றாய். அந்தச் 'சும்மா'வை என்னால் ஏற்க முடியவில்லை. நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஈஸ்ட்டைப் பார். இணை சேர அழைக்கும் ஃபெரமோன் பட்டதும் ஸ்டீ11, ஸ்டீ7, ஃபஸ்3 என்ற மூன்று கைனேஸ்கள் (மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகள்) வரிசையாக ஒன்றையொன்று முடுக்கிவிடும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பது ஸ்டீ5 என்ற சாரப் புரதம்; கட்டடத்துக்குக் கட்டும் சாரம்போல மற்ற புரதங்களைத் தாங்கிப் பிடிப்பது. உன் ஷேங்க்3-உம் இந்த வகைதான். இதே ஸ்டீ11, உப்பு கூடும்போது செல்லைக் காப்பாற்றும் பாதையிலும் வேலை செய்கிறது. அங்கே அதைப் பிடித்துக்கொள்வது பிபிஎஸ்2. 2003-ல் வெண்டல் லிம் குழுவினர் இந்த இரண்டு புரதங்களையும் ஒட்டி ஒன்றாக்கி ஈஸ்ட்டுக்குள் வைத்தார்கள். ஃபெரமோன் கொடுத்தால் உப்பை எதிர்க்கும் வேலை தொடங்கியது! யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மாற்றியதற்கே செல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

அப்புறம் அளவு. நொதி கூடினால் வினை கூடும் என்றே நாம் யோசித்துப் பழகிவிட்டோம். சாரப் புரதம் வேறு கணக்கு. பத்து மாப்பிள்ளை, பத்துப் பெண் இருக்கிற ஊரில் நூறு தரகர்கள் இறங்கினால், மாப்பிள்ளை ஜாதகம் ஒருவரிடமும் பெண் ஜாதகம் இன்னொருவரிடமும் கிடக்கும், ஒரு கல்யாணமும் நடக்காது. சாரப் புரதம் அளவுக்கு மிஞ்சினாலும் அப்படித்தான். ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கைனேஸைப் பிடித்துக்கொண்டு நிற்கும், சமிக்ஞை மங்கிப்போகும். கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிட்டு, 'புரதம் கூடியிருக்கிறது, சமிக்ஞை குறைந்திருக்கிறது' என்று ஒரு முடிவு வந்தால், சோதனை தப்பு என்று உடனே தூக்கிப் போட்டுவிடாதே.

சரி, உன் ஷேங்க்3-க்கு வருகிறேன். மூளையில் கிளர்வூட்டும் சினாப்ஸ்களில், அதாவது ஒரு நரம்புச் செல் அடுத்ததைத் தூண்டும் சந்திப்புகளில், செய்தியை வாங்கும் பக்கத்தில், சவ்வுக்குக் கீழே அது இருக்கிறது. செய்தி கொண்டுவரும் குளூட்டமேட்டை வாங்கும் ஏற்பிகளை, வேறு சில சாரப் புரதங்கள் வழியாக, செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் இழைகளோடு கோக்கிறது. இந்த மரபணு 22-ஆம் குரோமோசோமின் நுனியில் இருக்கிறது. இரண்டு பிரதிகளில் ஒன்று போனாலே ஃபெலன்-மெக்டெர்மிட் நோய்க்குறி வரலாம்: தசை தளர்ந்திருக்கும், பேச்சு தாமதமாகும் அல்லது வரவே வராது, பலருக்கு ஆட்டிசமும் இருக்கும். மறுபக்கம், 2013-ல் ஹூதா ஸோக்பி குழுவினர் ஷேங்க்3 கூடுதலாக உள்ள எலிகளை உருவாக்கியபோது, அவை நிலைகொள்ளாமல், மேனியா போன்ற நடத்தையைக் காட்டின. இதற்குக் காரணம் நான் மேலே சொன்ன தரகர் கணக்கேதான் என்று சொல்ல மாட்டேன்; சினாப்ஸ் அதைவிடச் சிக்கலான இடம்.

என்னை மிகவும் பாதித்தது 2016-ல் குவோபிங் ஃபெங் குழுவினர் செய்த வேலை. ஷேங்க்3 அணைக்கப்பட்டே பிறந்த எலிகளில், வளர்ந்த பிறகு அந்த மரபணுவை மீண்டும் இயக்கினார்கள். ஓயாமல் தன் உடலையே நக்கிக்கொண்டிருந்த பழக்கம் குறைந்தது, மற்ற எலிகளோடு பழகுவது மேம்பட்டது. பதற்றமும் உடல் ஒருங்கிணைப்புக் குறையும் மட்டும் சரியாகவில்லை. அவற்றுக்கு இன்னும் இளம் வயதிலேயே இயக்க வேண்டியிருந்தது. எலியில் நடந்தது குழந்தையிடம் நடக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் பேசாத பிள்ளையை வைத்திருக்கும் ஒரு தாய்க்கு, எது திரும்பி வரும், எது வராது, எந்த வயதுக்குள் என்ற கேள்விகள் எவ்வளவு பெரியவை என்று யோசித்துப் பார். நீ போய் உட்காரப்போகும் இடம் அதுதான்.

ஒன்று மட்டும் உன் மேற்பார்வையாளரிடம் கேட்டு எழுது. ஷேங்க்3 ஒரே புரதமாக வருவதில்லை, நீளம் குறைந்த வடிவங்களும் உண்டு. மரபணுவின் எந்தப் பகுதியை நீக்குகிறோம் என்பதைப் பொறுத்து எலியின் நடத்தையும் மாறும். உங்கள் எலிகளில் எந்த எக்ஸான்களை (மரபணுவில் புரதத்துக்கான குறிப்பு இருக்கும் துண்டுகளை) நீக்கியிருக்கிறார்கள்?

அன்புடன்,
அம்மா